‘மற்றவை’ என்று பதிவான ஒரு வீடு

1. கேள்வி

கருத்துக் கணிப்பு வேலையிலேயே முடி நரைத்தவள் நான். சோப்பு, சீரியல், தேர்தல் என்று செங்கல்பட்டைச் சுற்றி நான் கதவு தட்டாத தெரு குறைவு. ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி சர்வேயைப் பற்றி, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் எல்லோர் போனிலும் இருக்கிற ஒரு பெரிய மென்பொருள் கம்பெனி. தேடுவது, வழி பார்ப்பது, ஆப் இறக்குவது எல்லாம் அவர்கள் கையில்தான். போட்டிக்கு யாரையும் தலையெடுக்க விடுவதில்லை என்று அரசாங்கம் அதன் மேல் நடவடிக்கை எடுத்திருந்தது. இந்த நடவடிக்கைக்கு மக்கள் ஆதரவா, எதிர்ப்பா? அதைத்தான் கேட்டு வரச் சொன்னார்கள். சர்வேக்குக் காசு கொடுப்பவர் யார் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நாங்களும் கேட்பதில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில், ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து வீட்டில் படுத்திருந்த ஒருவர், “எவன் மேல கேஸ் போட்டா எனக்கு இன்னாம்மா? எங்க கம்பெனி பர்மனென்ட் பண்ணுமா, அத்த கேட்டுச் சொல்லு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அணுபுரத்தில் ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் காபி கொடுத்து உட்காரவைத்து, ஏகபோகம் என்றால் என்ன என்று ஒரு வகுப்பே எடுத்தார். கடைசியில் டேப்லெட்டில் எந்தப் பட்டனை அழுத்தட்டும் என்று கேட்டதற்கு, “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. கருத்து இல்லைன்னு போட்டுக்கோங்க” என்றார். வெயிலைவிட இந்த மாதிரி பதில்கள்தான் ஆளை அதிகம் சோர வைக்கும்.

2. செல்வியின் பதில்

மாமல்லபுரத்தில் கடலுக்குப் போகும் சந்து ஒன்றில் முருகேசனும் அவர் மனைவி செல்வியும் தங்கள் வீட்டு மாடி அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் யாரைக் கேட்பது என்பது எங்கள் விருப்பமில்லை. வீட்டிலிருப்பவர்கள் பெயர்களைப் போட்டால் டேப்லெட்டே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அது தேர்ந்தெடுத்தது செல்வியை. பேசியது முருகேசன்.

“அந்தக் கம்பெனி பத்தியா? என்னாண்ட கேளுக்கா! மேப்புல எங்க லாட்ஜ நிரந்தரமா மூடிட்டாங்கன்னு காட்டுது. நா இங்க உயிரோட குந்திகினு கீறேன். பொங்கலுக்குக்கூட ஒரு ரூம்பு போவல.”

யாரோ மேப்பில் அப்படிப் பதிந்திருக்கிறார்கள். வேண்டுமென்றா, தெரியாமலா என்பது அவருக்கும் தெரியவில்லை. திருத்தம் அனுப்பினார், படம் எடுத்து அனுப்பினார். நன்றி என்று மட்டும் பதில் வந்தது. கூப்பிட்டுப் பேச ஒரு நம்பர் கிடையாது. வருஷா வருஷம் வருகிற ஒரு குடும்பம், மூடிவிட்டார்கள் என்று நம்பி அடுத்த தெருவில் தங்கிவிட்டு, இவர் வாசல் வழியாகவே கடற்கரைக்கு நடந்து போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

“தம்பி, செல்விதான் சொல்லணும்” என்றேன்.

செல்வி காய்ந்த விரிப்புகளை மடித்துக்கொண்டே பேசினார். “ஆதரவுன்னா அத்த மூடிடுவாங்களா? அது இல்லன்னா எங்க வூடு யாருக்குத் தெரியும்? முன்ன வந்த ஜனமெல்லாம் அத்த பாத்துகினுதானே வந்துது. எதிர்ப்புன்னு சொன்னா, இவுரு படற பேஜார யாரு கேக்கறது? எனக்கு ரெண்டும் வாணாம்க்கா. பேசறதுக்கு ஒரு ஆளு வேணும். அத்த எழுதிக்கோ.”

‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் சொன்னபடியே அதில் தட்டினேன். அந்த சர்வேயில் எனக்குக் கிடைத்த உருப்படியான பதில் அது ஒன்றுதான் என்று தோன்றியது.

3. மறுபடியும்

எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் சேகர் சார் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

“நூர்ஜஹான்மா, உங்க ஏரியால ‘மற்றவை’ ஜாஸ்தி. க்ளையன்ட் ஒத்துக்கல. ரீவிசிட் போங்க. ஆதரவு, எதிர்ப்பு, கருத்து இல்லை, மூணுல ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

“அவங்க சொன்னதுதான் சார் அவங்க கருத்து.”

“புரியுதும்மா. சார்ட்ல அதுக்கு இடமில்ல.”

இல்லாவிட்டால் எங்கள் ஏரியாவையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். என் டீம் பெண்கள் வெயிலில் அலைந்ததெல்லாம் வீணாகிவிடும். போனேன்.

சந்து முனையில் என்னைப் பார்த்ததும் முருகேசன் உள்ளே குரல் கொடுத்தார். “செல்வி, வந்துட்டாங்க!” கையைப் பிடிக்காத குறையாக என்னை மாடிக்கு அழைத்துப்போனார். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். கரண்ட் பில், லைசென்ஸ் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார்.

“போட்டோ எடுத்துக்கோக்கா. மூடலன்னு மேல சொல்லிடு.”

எனக்குப் புரிய சற்று நேரமானது. அந்தக் கம்பெனி விஷயமாக அவர்கள் வீட்டுப் படியேறிய ஒரே மனுஷி நான். பேச ஆள் வேண்டும் என்றார்கள், நான் திரும்பி வந்து நிற்கிறேன். வேறு என்ன நினைப்பார்கள்?

“நான் கம்பெனி ஆளும் இல்ல, கவர்மென்ட்டும் இல்ல தம்பி. என்னால எதையும் சரி பண்ண முடியாது. அதே கேள்விய திரும்பக் கேக்கத்தான் அனுப்பிச்சாங்க.”

முருகேசன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

செல்வி எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “கேளுக்கா. உனக்கு இன்னா போட்டா வேல முடியும்?”

“அத நான் சொல்லக் கூடாதும்மா.”

டேப்லெட்டையே பார்த்தார். “இதுக்குள்ள ஓடறதும் அவங்களுதுதானா?”

“ஆமா. ஆனா உங்க பேரு அவங்களுக்குப் போகாது.”

அவர் அதை நம்பவில்லை. “கேஸுக்கு எதிர்ப்புன்னே போட்டுடு. இப்ப மூடிட்டாங்கன்னாவது பேரு கீது. கோச்சுகினு மொத்தமா தூக்கிட்டாங்கன்னா இன்னா பண்றது?”

ரெஸ்பான்டென்ட், அதாவது பதில் தருகிறவர், சொல்வதைத்தான் பதிய வேண்டும். பதிந்தேன்.

முடிவு வந்தபோது டி.வி. விவாதத்தில் இரண்டு நிறப் பட்டைகளைக் காட்டினார்கள். எதிர்ப்புப் பட்டை உயரமாக நின்றது. மக்கள் அந்தக் கம்பெனியை எவ்வளவு நேசிக்கிறார்கள் பாருங்கள் என்று ஒருவர் அடித்துப் பேசினார். நான் அணைத்துவிட்டேன். அப்புறம் என் போனை எடுத்து, முருகேசனின் லாட்ஜைத் தேடி, ‘திறந்திருக்கிறது’ என்று ஒரு திருத்தம் அனுப்பினேன். எனக்கும் நன்றி என்று பதில் வந்தது. இன்றுவரை அது மூடியதாகத்தான் காட்டுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கதவு திறந்ததும் நீங்கள் யார் என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். உங்களால் என்னவெல்லாம் முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ‘அப்ப எதுக்கு வந்தீங்க’ என்று சிலர் கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும். நம்மை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.