சீமைக்காருக்குக் கயிறு

சித்தப்பா அந்தக் காரை வாங்கியபோது அது காராகவே இல்லை. கொடைக்கானல் மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகையில் விட்டுப்போன சீமைக்கார். வத்தலக்குண்டில் ஒரு புளியமரத்தடியில் கோழிகள் அடைகாக்க இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. மாடு பூட்டி இழுத்து அதைத் திண்டுக்கல் கொண்டுவந்து சேர்த்தார். தெருவே கூடிச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாடு அவருடையது.

பஸ்களுக்கு வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சித்தப்பா, மிச்ச நேரத்தையெல்லாம் கொல்லையில் நின்ற காருக்கே கொடுத்தார். எலி தின்ற சீட்டுகளுக்குப் புதுத்தோல் வந்தது. தோல் பதனிடும் எங்கள் ஊரில் தோலுக்கா பஞ்சம்? அந்தத் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பது சித்தியின் வேலை. அவள் பழனிக்கு அப்பால் கீரனூர்க்காரி. ‘ஏனுங்க’, ‘சரிங்க’ என்று அவள் பேசுவதைப் பிள்ளைகள் நாங்கள் பேசிக்காட்டிச் சிரிப்போம். கோபித்துக்கொள்ளவே மாட்டாள். கல்யாணமாகி வந்தபிறகு பிறந்த ஊருக்கு அவள் அதிகம் போனதில்லை. பிள்ளையில்லாமல் வெறுங்கையோடு போய் நிற்க அவளுக்கு மனமில்லை என்பது அம்மா பின்னாளில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“ஓடட்டும் பாரு, மொத ஓட்டமே ஒங்க ஊருக்குத்தேன்” என்று சித்தப்பா ஒருநாள் வாயை விட்டுவிட்டார். அவர் சொன்னதை மறந்தார், அவள் மறக்கவில்லை.

சாயங்காலங்களில் நானும் சித்தியும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். கார் நின்ற இடத்தில் நிற்கும். சித்தி ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டே, “ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சு கண்ணு” என்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் பழனி மலை தெரிகிறது என்பாள். எனக்கும் தெரியும். கீரனூர் வருவதற்குள் யாராவது அடுப்படியிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

ஒருவழியாகக் கார் ஓடியது. கறுப்பு உடம்பும் வெள்ளிக்கம்பிகளுமாக ராஜா மாதிரி நின்றது. ஆனால் விற்கப்போகிற வண்டியில் புழுதி படக்கூடாது என்று சித்தப்பா எங்களை ஏறக்கூட விடவில்லை. நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் வந்து பார்த்தார், பேசினார், முடித்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் மாடு விற்றால் கயிற்றைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. கயிறு வீட்டில் தங்கினால் லட்சுமியும் தங்குவாள். சித்தப்பா எத்தனை பஸ்ஸைப் பிரித்துப் பூட்டினாலும் உழவுச் சம்சாரி வீட்டுப் பிள்ளைதானே? காருக்கு ஏது கயிறு என்று யோசித்துவிட்டு, எதையாவது ஒன்றை எடுத்து வை என்று சித்தியிடம் சொன்னார். ஜன்னல் திரையையோ கால்மிதியையோ மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். சித்தி எடுத்து வைத்தது, முன்னால் செருகிச் சுற்றி வண்டியைக் கிளப்பும் இரும்புக் கம்பியை. சுற்றிக் கிளப்பிய கையோடு கீழே போட்ட கம்பியை யாரும் தேடவில்லை, கார் கிளம்பிப்போனது. சித்தி வாசல்வரை கூட வரவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது சித்தி குளித்து, தலை நிறைய மல்லிகை வைத்து, கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஏதோ கேட்டதற்கு, பூச்சி பிடிக்காமலிருக்கச் சும்மா உடுத்தினேன் என்றாள்.

வெயில் ஏறியபோது கார் வந்து வாசலில் நின்றது. தோப்புக்காரரின் டிரைவர் மட்டும் இருந்தார். குளிரில் வண்டி கிளம்பவில்லை என்றும், கம்பியைக் காணாமல் ஆள் பிடித்துத் தள்ளிக் கிளப்பியதாகவும், நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டுமே என்று நிறுத்தவில்லை என்றும் சொன்னார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

சித்தி துணியில் சுற்றிய கம்பியோடு வந்தாள். “கயிறுன்னுதான் எடுத்து வெச்சனுங்க” என்றாள். கொடுக்காமல், சித்தப்பாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “ஏனுங்க, ஒருக்கா அதுல ஏறி பஸ் ஸ்டாண்டு வரைக்குமாச்சும்...”

சித்தப்பா அவளுடைய பட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். “இப்ப அது அவுக வண்டி” என்றார்.

சித்தி கம்பியை டிரைவரிடம் நீட்டினாள். “வாரேன்க்கா” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பெட்ரோல் வாசனை அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். சித்தப்பா அன்றைக்கு ஒர்க்‌ஷாப்புக்குச் சாப்பிடாமல் போனார்.

எனக்கு வந்த ஆத்திரம் வேறு. பட்டும் பூவுமாக நிற்கிறாள் என்றால் ஏதோ கல்யாணத்துக்குத்தான் புறப்பட்டிருக்கிறாள், என்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாள் என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சித்தி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கண் நனைந்திருந்தது, அதுவும் எனக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

“உன்னய உட்டுப்போட்டு நான் எங்க கண்ணு போவேன்?” என்றாள்.

நான் நம்பவில்லை. அன்று முழுவதும் அவளோடு பேசவே இல்லை.