சரிவில் நிற்க வேண்டிய வண்டி

அந்த வருடங்களில் என் மனைவி மலையில் இருந்தாள், நான் சமவெளியில் இருந்தேன். கொடைக்கானல் போகும் பாதையில், பாதி மலையில் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை. எனக்கு வேலை மதுரையில், வாடகை வீடு ஆனையூரில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருவாள், திங்கள் விடியுமுன் போய்விடுவாள். தலையணையில் கொஞ்சம் தைல மர வாசனையை விட்டுப்போவாள். புதன்கிழமைக்குள் அதுவும் மலையேறிவிடும்.

மசக்கை வந்ததும் அந்த வருகையும் நின்றது. டீசல் வாடை பட்டாலே குடல் புரண்டது அவளுக்கு. அதற்காகத்தான் கார் வாங்கினேன். கே.கே. நகரில் ஒரு டாக்டர் ஓட்டிய பழைய வண்டி. பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். எங்கள் பக்கம் அப்போது அது அபூர்வம். வருகிற சனிக்கிழமை காலை போய், அவளை அழைத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவதாக ஏற்பாடு. ஞாயிறு முழுக்க வீட்டில் இருப்பாள். அந்த ஒரு ஞாயிறை மனசுக்குள் எத்தனை முறை சமைத்துப் பரிமாறியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை டீக்கடை வாசலில் ஹேண்ட் பிரேக்கை உச்சி வரை இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி மெல்ல உருண்டது. மலை வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று ஏற வேண்டிய வண்டி, சமதரையிலேயே நிற்கவில்லை.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே சிம்மக்கல்லில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் முன்னால் போய் நின்றேன். சௌராஷ்டிரக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“கேபிள் லூசு மாப்ள. இழுத்துக் கட்டுனா முடிஞ்சுது. பத்து மணிக்கு நீ வத்தலக்குண்டு தாண்டிருவ.”

இழுத்துக் கட்டினார். பிரேக் நன்றாகப் பிடித்தது. ஆற்றோரமாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். வலது பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. தொட்டால் கை சுட்டது. பிரேக் விடவே இல்லை, தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது. கேபிளைத் தளர்த்தினால் பிடிக்க மாட்டேன் என்கிறது. இறுக்கினால் விட மாட்டேன் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலேயே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மெக்கானிக் அண்ணனின் மனைவி சோற்றுத் தூக்குடன் வந்தார். இருவரும் தங்கள் வீட்டு மொழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் அந்த அம்மா தன் முந்தானையால் அவர் நெற்றிக் கிரீஸைத் துடைத்துவிட்டுத் திட்டுவதைத் தொடர்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“என்ன சொல்றாங்கண்ணே?”

“மத்தவன் பொண்டாட்டியக் கூட்டியாரதுக்கு நான் பட்டினி கெடக்கேனாம்.”

“நீங்களும் சாப்பிடுங்க தம்பி,” என்றார் அந்த அம்மா தமிழில். “மலையில அவுக காத்திருக்கட்டும். காத்திருந்தா மதிப்பு கூடும்.”

சாப்பிட்ட பிறகு சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கின் இரும்புத் தாடையான காலிப்பரையே பிரித்தார். உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முன்சக்கரத்தில் செய்கிற மாதிரி கிளாம்ப் வைத்து அழுத்தினார். அசையவில்லை.

“எம்புட்டு இறுக்குறது? ஒடஞ்சா ஒன் கதி அதோகதி.”

பிஸ்டன் முகத்தில் குறுக்காக வெட்டிய பள்ளம் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் நோஸ் பிளையரின் நுனிகளை அதில் ஊன்றி, அழுத்தியபடி திருகினார். முனகியது. பிறகு மயிரிழை மயிரிழையாக உள்ளே போனது.

“திருகுற சாதி மாப்ள இது. தள்ளுனா போவாது.”

அதன்பின் எல்லாம் விளங்கிற்று. ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் திருகு கொஞ்சம் நகர்ந்து, தட்டைக் கவ்வும் பேட் தேய்ந்த இடத்தை நிரப்ப வேண்டும். இழுக்காமலே விட்டால் துருவேறி உறங்கிவிடும். கேபிளை இறுக்கியதில் உறக்கம் கலையவில்லை, பிடிதான் அரைகுறையாக மாட்டிக்கொண்டது.

“டாக்டரு இழுத்திருக்க மாட்டாரு,” என்றேன்.

“நீ மட்டும் தெனம் இழுத்தியா? கியர்ல விட்டு டயருக்கு ஒரு கல்லக் குடுத்துட்டு எறங்கிப் போற ஊரு இது. நானும் அப்புடித்தேன்.”

இடது பக்கத்துக்கும் அதே வைத்தியம். பெடலை மிதித்து மிதித்துப் பேட்டை ஒட்டவைத்து, லீவரை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, கேபிள் இழுக்கும் காலிப்பர் கைகள் தம் இடத்துக்குத் திரும்பிய பிறகே கடைசியாகக் கேபிளை இறுக்கினார். சோதித்துப் பார்க்கச் சரிவு வேண்டுமே. வைகைக்குள் இறங்கும் மண்பாதைச் சரிவுக்குப் போனோம். மூக்கு ஆற்றைப் பார்க்க வண்டி நின்றது. நின்றேவிட்டது. மேற்கே ஆற்றின் தலைமாட்டில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

பூத்திலிருந்து அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க வந்தாள்.

“காலைலருந்து துணிப்பைய மடியில வச்சு ஒக்காந்திருக்கேன்.”

“பிரேக் இப்பத்தான் சரியாச்சு. விடிய வாரேன்.”

“நாளைக்கு வந்து கூட்டிப் போயி, நாளைக்கே திரும்பக் கொண்டாந்து விடுவீகளா? இந்தக் கொடலு அதத் தாங்காதுங்க.”

பூத் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“கூட்டிப் போக வேணாம்,” என்றாள். “சும்மா வாங்க.”

போனேன். அவள் தங்கியிருந்த வீட்டில் உட்கார இடமில்லை. வீட்டுக்காரர்களின் கண்கள் எல்லா அறையிலும் இருந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கீழே, செங்குத்தான பாதையோரம் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அந்த வண்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்தினோம். மிளகாய்ப்பொடி இட்லி தின்றோம். பிள்ளைக்குப் பெயர் தேடினோம், ஒன்றும் அமையவில்லை. என் தோளில் சாய்ந்து அவள் தூங்கினாள்; பனி வந்து கண்ணாடியை மூடியது, போனது, மறுபடி மூடியது. மரத்த தோளை நான் அசைக்கவில்லை.

இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். இன்ஜினைப் போட்டுவிட்டு லீவரில் கை வைத்தேன். விழித்துக்கொண்டவள் என் கை மேல் தன் கையை வைத்தாள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. என் பெருவிரல் லீவரின் பொத்தான் மேல் இருந்தது. அமுக்கினால் போதும், மலையே என்னைக் கீழே உருட்டிவிடும்.

பிள்ளை பிறந்த பின், அடுத்த வருடம் அவளுக்கு மாற்றல் கிடைத்தது. இருபது வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். இதோ, அடுத்த அறையில் விடைத்தாள் திருத்துகிறாள். இருந்தும் சில சாயங்காலங்களில் அவளுக்காக ஏங்குகிறேன், எங்கோ மலையில் இருப்பவளுக்கு ஏங்குவதுபோல.