இடப்பக்கத்து ஸ்டீரிங்

போன வாரம் பேரனுக்குப் பொம்மை வாங்கப் போன கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கார். அந்தக் காலத்து இத்தாலிப் பந்தயக் காரின் அச்சு அசல், மேல்மூடி கிடையாது, உள்ளங்கையில் அடங்கிவிடும். பேரன் விலையைப் பார்த்தான். நான் குனிந்து ஸ்டீரிங்கைப் பார்த்தேன். இடப்பக்கம்தான். "என்ன தாத்தா, ஓட்டிப் பாக்கப் போறீகளா?" என்று கடைக்காரப் பெண் சிரித்தாள். எனக்கோ பிரஸ் மை வாடை மூக்கில் ஏறிவிட்டது.

அறுபதுகளில் சிவகாசியில், கல்லில் வரைந்து அச்சடிக்கும் ஒரு லித்தோ பிரஸ்ஸில் இருந்தேன். பட்டாசுக்கு லேபிள் அச்சடிப்போம். கல்லில் இடவலம் மாற்றி வரைந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். எழுத்து என் பொறுப்பு. படம் அருளப்பண்ணன் பொறுப்பு. கைப்பழக்கத்தில் என் கல்யாணத்துக்கு நானே எழுதிய 'நல்வரவு'கூடத் திரும்பித்தான் நின்றது, போங்கள்!

ஒரு வெடிக் கம்பெனி முதலாளியின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து இதேபோல் ஒரு பொம்மைக் கார் கொண்டுவந்தார். அதையே சரவெடி லேபிளுக்குப் படமாகப் போடச் சொல்லி ஆர்டர். "ஏலே, சீட்டுல தையல் போட்டிருக்கான் பாருலே!" என்று அண்ணன் சின்னப் பிள்ளையாகிவிட்டார். படம் முடிந்ததும் மருமகன் காரோடு கப்பலேறிவிட்டார்.

சீசன் அவசரத்தில் புரூஃபை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. வெடிக் கம்பெனிக்குப் போன லேபிள் லோடு அப்படியே திரும்பி வந்தது. எங்கள் பிரஸ் மேனேஜர் ஒரு லேபிளை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஸ்டீரிங் இடப்பக்கம் கெடக்கு! கல்லுல திருப்பிப் போடத் தெரியாதாவே உமக்கு?"

"அந்த ஊர்க் கார்ல அங்கனதான்யா இருக்கு. பாத்துத்தான் போட்டேன்."

"எந்த ஊர்லவே இடப்பக்கம் ஒக்காந்து ஓட்டுறான்?"

பிரஸ்ஸே சிரித்தது. விருதுநகர் ரோட்டில் போகிற எல்லா வண்டிக்கும் ஸ்டீரிங் வலப்பக்கம். வேறெதை யார் கண்டார்கள்? நானும் அந்தக் காரைப் பார்த்தவன், சொன்னேன். "எழுத்துப் போடுற பயலுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?" என்று என் வாயை அடைத்தார்கள். அண்ணனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். கல்லிலிருந்த காரை மணல் போட்டுத் தேய்த்து, அடுத்த லேபிளுக்கு எடுத்துக்கொண்டோம்.

'திருப்பத் தெரியாதவன்' என்ற பேர், அவருக்கு முன்னால் ஒவ்வொரு பிரஸ் வாசலிலும் போய் நின்றது. கடைசியில் தாயில்பட்டியில் குடியேறி, பட்டாசுக்கு மருந்து அடைக்கப் போனார். அவர் மனைவி லூர்து அக்கா பள்ளிக்கூட டீச்சர். வேண்டாமென்று அழுதும் பயனில்லை.

மறுவருஷம் மருமகன் காரோடு வந்தார். வெடிக் கம்பெனி முதலாளியே அதை எடுத்துவந்து மேனேஜர் மேஜையில் வைத்தார். மேனேஜர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "அருளப்பனை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு" என்றார். சைக்கிளை அன்றைக்கு நான் மிதித்த மிதி!

அண்ணன் கட்டிலில் கிடந்தார். வலது கையில் முழங்கை வரை கட்டு. முந்தின வாரம் மருந்து அடைக்கிற ஷெட்டில் தீ. விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"மேனேஜரய்யா கூப்பிட்டாகளா? கட்டுப் பிரிக்கட்டும், வாறேன்னு சொல்லுலே. உள்ள வெரலெல்லாம் ஒரே அரிப்பு, ஆறுதுபோல."

அவருக்குப் பின்னால் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கட்டுக்குள் விரல்கள் இல்லை. அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

அண்ணனும் இல்லை, பிரஸ்ஸும் இல்லை இப்போது. அவர் வரைந்ததில் ஒரு லேபிளாவது கிடைக்குமா என்று எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பட்டாசு லேபிளை யார் எடுத்து வைப்பார்கள்? வெடித்த மறுநாள் காலையில் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவார்கள்.