பன்னிரண்டு பிராணிகளில் ஒன்று குறைவு

அடுத்த வீட்டுச் சிறுமி எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துவிட்டு, தூரிகை அலசிய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். எவர்சில்வர் டம்ளரில் பழுப்பாக ஏதோ இருக்கவே, கண்ணாடி போடாத நான் காபி என்று நினைத்து வாய்வரை கொண்டுபோய்விட்டேன். நல்லவேளை, வாசனை காட்டிக்கொடுத்தது. வர்ணத்தில் கலக்கும் பிசினின் வாசனை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கியது. வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நடுக்கம் எனக்கு எட்டு வயதில் பிடித்தது.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி ரத்தினம் மாமா எழும்பூரில் ஓவியம் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார். அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்போதெல்லாம் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னைக்காவது எங்கேயாவது மனு போட்டியாப்பா?" என்று கேட்பார். மாமா பென்சில் சீவுவதில் மும்முரமாகிவிடுவார்.

புத்தகம் போடும் யோசனை என்னால் வந்தது. இந்தப் பெருமையை இத்தனை வருடம் கழித்தும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்த்த படப் புத்தகத்தில் பனிக்கரடியும் கலைமானும் இருந்தன. "நம்ம தெருக் கழுதை ஏன் இதுல இல்ல?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள், "ஏன், நாமே போட்டாப் போச்சு" என்றாள். அம்மா நினைத்த மாத்திரத்தில் பாட்டுக் கட்டுவாள். மாமா படம் போடுவார். பிராணிகளைத் தேர்ந்தெடுப்பது நான். திருவல்லிக்கேணியில், கல்லில் எழுதிக் காகிதத்தில் ஒற்றும் கல் அச்சுக்கூடம் வைத்திருந்த காதர் பாய், மாமாவின் ஆப்த சிநேகிதர், அச்சடித்துத் தர ஒப்புக்கொண்டார். கறுப்புக் கோடுதான் அச்சில் வரும். வர்ணத்தை மாமாவின் மாதிரிப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு பிரதியிலும் நாங்களே கையால் பூசவேண்டும். புத்தகத்துக்கு 'நம் பன்னிரண்டு பிராணிகள்' என்று பெயர் வைத்து, உள்ளே ஒரு பக்கம்கூடத் தயாராகும் முன்பே அட்டையை அச்சடித்துவிட்டோம். ஆர்வக்கோளாறுக்கு மருந்து ஏது?

மாமாவுக்கு ஒரு பிடிவாதம். கண்ணால் பார்க்காமல் எதையும் வரையமாட்டார். அதனால் பிராணிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. சலவைக்காரர் வீட்டுக் கழுதை வந்து அரைமணி நேரம் அசையாமல் நின்றது, போகும்போது கதவை உதைத்துவிட்டுப் போனது. பால்காரன் முனியன் தினமும் எருமையை வாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து ஊற்றுவான். அந்த எருமையை மாமா ஒரு வாரம் வரைந்தார். ஆடு, தன் படம் முடிவதற்குள் அணில் படத்தைத் தின்றுவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துப்போனது. இன்றைக்கும் தீய்ந்த புளி வாசனை வந்தால் எனக்கு அந்த ஆட்டின் முகம்தான் தெரியும்.

நாய் என் பொறுப்பு. மாம்பலத்துப் பக்கம் ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, தியாகராய நகர் என்று பெயர் வைத்திருந்த காலம் அது. பாதி வீடு, பாதி புதர். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் போன இடத்தில் செங்கல் குவியலுக்குப் பின்னால் ஒரு செவலைக் குட்டி கிடந்தது. பாவாடையில் சுற்றித் தூக்கிவந்துவிட்டேன். அதன் காதில் ஒரு காயம் இருந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். காது எப்படி மடிகிறது என்று பார்க்க மாமா அதைத் தொட்டார். குட்டி வெடுக்கென்று மணிக்கட்டில் கடித்தது. இரண்டு சொட்டு ரத்தம். மாமா வர்ணக் கிண்ணத்துத் தண்ணீரிலேயே கையை அலசிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதே. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா குட்டிய கார்ப்பரேஷன் வண்டியில ஏத்திடுவா. புத்தகத்தப் பரண்ல ஏத்திடுவா. கபாலி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மறுநாள் விடிந்தபோது கயிறு அறுந்து கிடந்தது. குட்டியைக் காணோம்.

பயம் முனியன் ரூபத்தில் வந்தது. எருமைக்குப் பக்கத்தில் குந்திப் பால் கறந்துகொண்டே கேட்டான்.

"இன்னா பாப்பா, குட்டி எங்க?"

"ஓடிப்போச்சு."

"போனதே மேலு. காதுல காயம் கீதே, பாத்தியா? அத்த நரி கட்ச்சிருக்கும். மாம்பலத்துல நரி நெறைய கீது. வெறி ஏறின நாயி கட்ச்சா மனுசனும் நாயாட்டம் கொரைப்பான். தண்ணியக் கண்டா அலறுவான். அப்பால அவ்ளோதான்."

"எத்தன நாள்ல?"

"பத்து நாளோ, பாஞ்சு நாளோ. உன்னிய கடிக்கலியே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து என் பிழைப்பு அந்தக் கிண்ணத்தைப் பார்ப்பதுதான். விளிம்பு உடைந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம். மாமா தூரிகையை எடுப்பார், கிண்ணத்தின் பக்கம் கை போகும், நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். தண்ணீரில் தூரிகை முங்கியதும் மூச்சு விடுவேன். ஒரு காக்கை வரைந்து முடிப்பதற்குள் ஐம்பது தடவை செத்துப் பிழைத்தேன். மாமா முழுக்கைச் சட்டையாகவே போட்டுக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் அவருக்கு ஜலதோஷம் பிடித்து இருமல் வந்தது. இருமலா, குரைப்பா? கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒருநாள் மாமா குளிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அடுப்படிக்குப் போனேன். சத்தியத்தை மீறினால் கண் அவிந்துவிடும் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு பக்கம் என் கண், இன்னொரு பக்கம் மாமாவின் உயிர். எட்டு வயதில் இதை எடைபோடச் சொன்னால் எப்படி? மூன்று முறையும் அதற்காகவே வந்தவள் மாதிரி முறுக்கு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெண்ணுக்கு வயிற்றில் பூச்சி என்று அம்மா முடிவுகட்டி விளக்கெண்ணெய் கொடுத்தாள். அதையும் குடித்தேன். குட்டியைத் தூக்கிவந்தது நான்தானே, தண்டனையாக இருக்கட்டும் என்று.

பதினோராம் நாள் காதர் பாய் படங்களை வாங்கிப்போக வந்திருந்தார். எருமைக்கு இன்னும் வர்ணம் பாக்கி. அம்மா வழக்கம்போல் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மாமா அதைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். புறங்கையால் கிண்ணத்தைத் தள்ளினார்.

"தண்ணி வேணாங்க்கா. எடுத்துட்டுப் போ."

நான் அலறினேன். எப்படி அலறினேன் என்றால், வாசலில் நின்ற எருமை மிரண்டு பால் செம்பைத் தட்டிவிட்டது என்று முனியன் பிறகு கோபித்துக்கொண்டான். "நாய் கடிச்சுது! மாமாவ நாய் கடிச்சுது! பதினோரு நாளாச்சு!"

"உளறாதே" என்றார் மாமா. "கல் அச்சு மைக்கு ஈரம் ஆகாது, அதான் வேணாம்னேன். குட்டி சும்மாப் பல்லால கீறிச்சு, அவ்வளவுதான்."

 அம்மா அவர் கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் இரண்டு கறுத்த பொருக்கு. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "டேய் ரத்னம், என்னடா பண்ணிட்டே?" என்ற அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

காதர் பாய் படக் கட்டைக் கீழே வைத்தார். "பேச்சு எல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம் தங்கச்சி. தம்பி, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி பிடிக்கிறேன்."

"புத்தகம்..." என்றார் மாமா.

"புத்தகம் கிடக்குது. நீ இருந்தாத்தானே புத்தகம்?"

அந்தக் காலத்தில் நாய்க்கடிக்கு வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி. காதர் பாய் அச்சுக்கூடத்தைப் போட்டுவிட்டுத் தினமும் கூடவே போய்வந்தார். மாமா வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். என் பயம் ஊசியோடு முடியவில்லை. லேட்டாகப் போட்டால் பிடிக்காது என்று தெருவில் யாரோ சொன்னார்கள். பதினோரு நாளை வீணாக்கியது நான். இரண்டு மாதம், மாமா செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும்போதெல்லாம் நான் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். என் கண்ணும் அவியவில்லை என்பதைத் தினம் காலையில் சோதித்துக்கொண்டேன்.

மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டிக்கு உண்மையில் வெறி இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதை நினைவிலிருந்து வரைய மாமா மறுத்துவிட்டார். வேறு நாயை உட்கார வைக்கும் தைரியம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. அட்டையில் பன்னிரண்டு, உள்ளே பதினொன்று. குழந்தைகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கே வந்து கேட்டன. "ஒண்ணு ஓடிப்போச்சு கண்ணு" என்று அம்மா சொல்வாள். அது முழு உண்மை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாமா பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராகி, தலை நரைத்து, ஓய்வும் பெற்றார். ஒருநாள் அடையாற்றில் அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது, "அன்னைக்குக் கல் அச்சு மைன்னு சொன்னீங்களே மாமா, எருமைக்கு வர்ணம்தானே பாக்கி? அதுக்குத் தண்ணி வேணுமே?" என்று கேட்டேன். நாற்பது வருடமாக உறுத்திக்கொண்டிருந்த கேள்வி.

மாமா மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"மையும் இல்ல, மண்ணும் இல்ல. முனியன் உன்கிட்டச் சொன்னத நானும் உள்ளேருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். தினம் தண்ணியத் தொடும்போது நீ என்னையே பாப்பே. உன் கண்ணப் பாத்துட்டுத்தான் தொடுவேன். அன்னைக்குக் கைய நீட்டவே முடியல. தொட்டதும் உடம்பு ஒதறிடுச்சுன்னா? அதுக்குப் பயந்து தள்ளிவிட்டேன். வெக்கமா இருந்துது, வாய் விட்டுச் சொல்ல முடியல. நீ கத்தினியே, அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு நாளும் நான் தனியாகப் பயந்தேன் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்!

இப்போது மாம்பலத்தில் நரி இல்லை. கல் அச்சுக்கூடம் இருந்த இடத்தில் பேச்சிலர்களுக்கு அறை விடுகிறார்கள். ஐந்நூறு பிரதி போட்டோம், ஒன்றுகூட என்னிடம் இல்லை. அம்மாவும் காதர் பாயும் எப்போதோ போய்விட்டார்கள். மாமா போய் ஆறு வருடமாகிறது. கடைசி இரண்டு நாள் அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. நான்தான் கரண்டியால் உதட்டை நனைத்தேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயப்படாத மாதிரி இருந்தேன்.