பாய்லர்காரர் எழுதிக் கொடுத்த கடிதம்

அந்த மனிதரிடம் போய் நற்சான்றுக் கடிதம் கேட்டு நின்றது என் தலையெழுத்து. வேறு ஆள் இல்லை. மெல்பர்னின் மேற்கு ஓரத்தில், சுற்றுலாவுக்கு ஓடும் பழைய நீராவி ரயில்களின் பாய்லர்களைப் பழுது பார்க்கும் சிறிய பட்டறையில் நான்கு வருஷம் வேலை பார்த்திருந்தேன். பட்டறை முதலாளி எஞ்சினியர் இல்லை. கடிதத்தில் கையெழுத்துப் போடும் தகுதி ஒருவருக்குத்தான் இருந்தது. பாய்லர்களைச் சோதித்துச் சான்று தரும் இங்கிலாந்துக்காரர், எண்பதை நெருங்குபவர்.

என் தற்காலிக விசா முடிய ஏழு வாரம் இருந்தது. நான் எஞ்சினியர்தான் என்று தகுதி மதிப்பீட்டில் நிரூபித்தால் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் ட்ருகனினா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியையும் இரண்டாம் வகுப்பு மகளையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

என் விசா ஏஜென்ட் கிளேட்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. “தம்பி, குறைஞ்சது ஒரு பக்கம் வேணும். என்னென்ன பொறுப்பு பாத்தனீங்கள் எண்டு அஞ்சாவது எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ” என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. கடிதத்தை நாமே எழுதிக்கொண்டு போவோம். பெரியவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடுவார். படிக்கமாட்டார். படித்தால் நம்மை நம்பவில்லை என்று அர்த்தம். அதன்படி ஒன்றரைப் பக்கத்துக்கு என்னை நானே வானளாவப் புகழ்ந்து, அவருக்கும் சேர்த்து இரண்டு வரிப் புகழ் சூட்டி, பவ்யமாக நீட்டினேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தவர், ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். முழுக்கச் சிவப்புப் பென்சில்.

இளவயதில் ஏதோ வரைபட அறையில் இருந்தவராம்; தப்பான வரைபடத்தை அப்படித்தான் திருத்துவார்களாம். ‘மிகச் சிறந்த’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘யாரைவிட?’ என்று கேட்டிருந்தார். ‘தனியாக வடிவமைத்தார்’ என்பதற்கு ‘நான் பார்க்கவில்லை.’ ‘என் வழிகாட்டுதலின் கீழ்’ என்பதை ஒரே கோடாக அடித்திருந்தார். மிச்சமிருந்தது என் பெயரும் தேதியும்தான்.

‘இங்கிலாந்தின் தலைசிறந்த நீராவி எஞ்சின் நிபுணரான நான்’ என்று அவருக்காக நான் எழுதியிருந்த வரிதான் அவரை ரொம்பவும் உறுத்தியது. அது ஏன் பொய் என்று விளக்க மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையை எடுத்துக்கொண்டார். விசாவுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது, இவர் எனக்கு வாழ்க்கை வரலாறு சொல்கிறார். வட இங்கிலாந்தில் ஒரு ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் பதினைந்து வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தாராம். தொழில் முழுதாகக் கைவந்தபோது அரசாங்கம் நீராவியையே நிறுத்திவிட்டது. எந்த எஞ்சின்களில் வேலை கற்றாரோ, அவற்றை வெட்டிப் பழைய இரும்பாக்குவதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. வெறுத்துப்போய் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். இங்கே டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற பிறகு, பழைய ரயில்களை ஓட்ட ஆசைப்பட்டவர்கள் தேடி வந்து அழைத்தார்களாம். நீராவி இருந்த காலத்தில் அவர் செய்த வேலையைவிட, அது ஒழிந்த பிறகு செய்ததுதான் அதிகம்.

“இங்கே வருவதற்கு என்ன கடிதம் காட்டினீர்கள்?” என்று கேட்டேன்.

ஒன்றும் காட்டவில்லையாம். அதிகாரி என்ன வேலை தெரியும் என்று கேட்டாராம். இவர் பாய்லர் என்றாராம். சரி, போய் வா என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை அவரிடமே சொன்னேன். தலையாட்டிவிட்டு சாண்ட்விச்சைத் தின்றார்.

இரண்டாவது நகலும் சிவப்பாகத் திரும்பியது. மூன்றாவதைக் கொடுக்கும்போது மூன்று வாரம்தான் மீதி. அதைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: “அந்த இரண்டு ஸ்டே விஷயம் இதில் ஏன் இல்லை?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்கு உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று. இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கும் நூற்றுக்கணக்கான கம்பிகளைத்தான் ஸ்டே என்போம். சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதால் கேட்க வேண்டும். நல்லது கணீரென்னும். உடைந்தது மொத்தென்னும். போன குளிர்காலத்தில் அவர் தட்டிப் பார்த்துச் சரியென்று எழுதிய ஒரு வரிசையை, சுத்தம் செய்யப் போன நான் சும்மா தட்டினேன். அடுத்தடுத்து இரண்டு மொத்தென்றன. அப்படியே ரயில் ஓடியிருந்தால் தகடு பிதுங்கி, நீராவி பீறிட்டு, எஞ்சினில் நிற்பவர்கள் வெந்திருப்பார்கள். நான் அவரிடம் போய், “எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், நீங்கள் இன்னொரு தடவை பார்க்க முடியுமா” என்று இழுத்தேன். பெரியவரிடம் நேருக்கு நேர் வேறெப்படிச் சொல்வது? அவர் காதை நம்பாமல், கம்பியில் கைவைத்துத் தட்டி அதிர்வைப் பார்த்தார், தாளில் திருத்தினார். அதோடு இருவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்பது அவருக்கும் புரிந்திருக்கும்.

அது நமக்குள் இருக்கட்டும், கடிதத்தில் வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் தன் கையாலேயே எழுதிய அரைப் பக்கக் கடிதத்தைத் தந்தார். ‘நான் சோதித்துச் சரியென்று கையெழுத்திட்ட பாய்லரில் உடைந்திருந்த இரண்டு ஸ்டேக்களை இவர் கண்டுபிடித்தார். என் காது இந்த வேலைக்கு இனி உதவாது. இவருடைய காது உதவும். நான் பார்த்தவரையில் இவர் எஞ்சினியர்.’

ஐந்து பொறுப்பு இல்லை, ஒரு பக்கம்கூட இல்லை. ஏஜென்ட் அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு, “இப்பிடி ஒரு கடிதம் நான் கண்டதேயில்லை” என்று பெருமூச்சு விட்டார். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

அத்தோடு விட்டாரா மனிதர்? ஒரு பாய்லரைப் பற்றி எங்கே எதை எழுதினாலும் அதன் பிரதி அந்த பாய்லரின் கோப்பில் இருக்க வேண்டும் என்பது அவர் தொழில் கற்ற இடத்துச் சட்டம். தானே பிரதி எடுத்துக் கோப்பில் செருகியிருக்கிறார். அந்தச் சுற்றுலா ரயிலை நடத்துபவர்கள் கோப்பைத் திறந்தார்கள், படித்தார்கள். அந்த வாரமே பாய்லர்களுக்குச் சான்று தரும் பொறுப்பிலிருந்து அவரை மரியாதையாக விலக்கிவிட்டார்கள்.

விசா முடிய நான்கு நாள் இருக்கும்போது எனக்கு முடிவு வந்தது. எஞ்சினியர் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மனைவி அழுதாள். நான் காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், ஆனால் வாசலில் நின்று சத்தம்தான் போட்டேன். ஒரு சின்னப் பொய்யில் இரண்டு பேரும் பிழைத்திருக்கலாமே, உங்களை யார் இதையெல்லாம் எழுதச் சொன்னது என்றேன். அவர் பொறுமையாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குக் கிடைத்ததா?” என்றார்.

தலையாட்டினேன்.

“திங்கட்கிழமை அந்த எஞ்சினின் ஸ்டேக்களை யார் தட்டுவது?”

“நான்” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“எனக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்” என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னது நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.