தலைவரின் உடம்பு

“அத அழிச்சிரு, அக்கா,” என்றான் பேசாமினோ.

லானுவோலா திரையிலிருந்த ஆங்கில வரியை அழித்தாள். ‘இதய நோயோடு வாழ்ந்துவருகிறார், சற்று அசதியாக உணர்கிறார்.’ நோயாளியை அங்கே சேர்த்துக்கொள்ளக் கேட்டு ஆக்லாந்து ஆஸ்பத்திரிக்கு முதலில் அனுப்பியது அதைத்தான். காத்திருக்கலாம் என்று பதில் வந்திருந்தது.

“வாழ்ந்துட்டிருக்காராம்! தோட்டத்துல சேப்பங்கிழங்கு புடுங்கிட்டிருக்காருன்னு நெனச்சிருப்பான் அந்த டாக்டர்.”

சவாயி தீவின் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் இருவரும் நர்சுகள். வெளிநாட்டுக்குப் போகும் ஆங்கிலம் எல்லாம் லானுவோலாவுடையது. நோயாளி நோயோடு இருக்கிறாரா, நோயால் துன்பப்படுகிறாரா, எந்த இடத்தில் எது பொருந்தும் என்பது அவளுக்கு அத்துப்படி. மீனவர்களைப் பற்றி எழுதும்போது கை தயங்கியதில்லை. ஆனால் கட்டிலில் கிடப்பவர் துவாலாங்கி. ஊர்த்தலைவர், அவளுடைய பெரியப்பா. தலைவர் உண்பதற்கும் உறங்குவதற்கும் ஊரில் தனிச் சொற்கள். அவருக்கு நோய் வராது, அசதி வரும். ஆங்கிலத்திலும் அவள் விரல்கள் அந்த அசதியையே தேடிப் போயிருந்தன.

இப்போது வேறு மாதிரி எழுதினாள். குடும்பத்துக்குச் சொல்லாமல் அனுப்ப முடியாது. பேசாமினோவோடு கட்டிலருகே போய் நின்று, தங்கள் மொழியில் வாசித்தாள். மூச்சுக்குத் திணறுகிறார். படுத்தால் தூங்க முடியவில்லை. கால்கள் வீங்கிவிட்டன. கழிப்பறைக்கு இரண்டு பேர் தூக்கிப் போகவேண்டியிருக்கிறது.

பெரியம்மா பெனினா விசிறுவதை நிறுத்தினாள்.

“ரெண்டு பேரு தூக்குறாங்கன்னா எழுதுவ? அத அவர் முன்னாடியே படிக்கிற? ஒங்கப்பன் இருந்திருந்தா ஒன் கைய ஒடிச்சிருப்பான்.”

“இத எழுதலன்னா பெரியப்பா செத்துப்போயிடுவாரு, பெரியம்மா.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலைவருக்குச் சொல்லக்கூடாத, நாய்க்கும் பன்றிக்கும் சொல்லும் சொல். பெனினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலையணைகளில் சாய்ந்திருந்த தலைவர் கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

“மூணு பேருன்னு... எழுது. நேத்து... இவனும் புடிச்சான்.”

பேசாமினோ தரையைப் பார்த்தான். லானுவோலா இரண்டை மூன்றாக்கி அனுப்பினாள்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். பெனினா அவர் இடுப்பில் சுற்றிக்கட்டும் லாவாலாவா துணிகளைத் துவைத்து வேலியில் காயப்போட்டாள். லானுவோலாவோடு பேசவில்லை. தலைவருக்குக் கால் வீக்கம் கூடியிருந்தது. லானுவோலா அதைக் குறித்துவிட்டு, தடுப்பூசிப் பெட்டியோடு பக்கத்து ஊருக்குப் போனாள்.