சங்கிலி போட்ட ராட்டினம்

இலங்கையில் கஹவத்தைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மைதானத்தில் நின்ற மர ராட்டினத்தைத் திருவிழா நெருங்கும் நேரத்தில் தோட்டத்து நிர்வாகத்தார் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அழுதார்கள். ஆத்திரம் தாங்காமல் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன்.

“மரம் உளுத்துப்போச்சு. புள்ளைங்க விழுந்தா யாரு பொறுப்பு?” என்றார் கிளாக்கர்.

அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் வாசல் பக்கம் திரும்பினோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாரியாயி மட்டும் நகரவில்லை.

“எங்க லயத்துக் கூரை மரமும் உளுத்துப்போச்சுங்க. புள்ளைங்க அதுக்குக் கீழதான் படுக்குதுங்க. அதுக்கு யாருங்க பொறுப்பு?”

கிளாக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராட்டினத்துக்கு மட்டும் சண்டை போட வந்த என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

வருடங்கள் போய்விட்டன. ராட்டினத்தைத் திருத்தவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. சங்கிலி துருப்பிடித்ததும் புதுச் சங்கிலி வாங்கிப் போட்டார்கள். எங்கள் கூரைக்கு ஒரு பலகைகூட வரவில்லை.